இடுப்பில் ஒரு பெட்டி, கயிற்றில் ஒரு பை

தூத்துக்குடியிலிருந்து இராமநாதபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தருவைகுளம், பட்டினமருதூர் ஆகிய ஊர்களைக் கடந்து வடக்கே சென்றால் வைப்பாறு குறுக்கிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றிச் சாத்தூர் வழியாக வரும் இந்த ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கடலைச் சென்று சேர்கிறது. அந்த மணல் முடியும் இடத்தில் இருக்கிறது கீழவைப்பார். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. மறுபக்கம் உப்பளமும் உடைமரமும் பனையும்.

இந்தக் கரையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கடலைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. போர்த்துக்கீசியர் காலத்தில் பரதவரின் ஏழு பெருந்துறைகளாக எண்ணப்பட்டவற்றுள் வைப்பாரும் ஒன்று. அதற்கு வடக்கே வேம்பாறு, தெற்கே தூத்துக்குடி. முத்து என்ற சொல் ஐரோப்பியக் கப்பல்களை இங்கே இழுத்து வந்தது. ஆனால் கரையில் நின்று முகத்தை நிலத்தின் பக்கம் திருப்பினால், முத்துக் குளிப்பவரைப் போலவே உயிரைப் பணயம் வைத்த இன்னொருவர் தெரிவார். அவர் பனையேறி. முன்னவர் கீழே இறங்கினார்; பின்னவர் மேலே ஏறினார். இருவரையும் பற்றி எழுதிய பயணிகளும் பாதிரிமார்களும் அதிகாரிகளும் இறங்கும் திறனையும் ஏறும் திறனையும் கண்டு வியந்தார்கள். இறங்கியவரும் ஏறியவரும் தம்மோடு எடுத்துச் சென்ற பையை நின்று பார்த்தவர்கள் குறைவு. இக்கட்டுரை அந்தப் பையைப் பற்றியது.

வேட்டைக்காரரின் கேள்வி

பையைப் பற்றி யோசிக்க என்னைத் தூண்டியது இந்த மண்ணுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு செய்தி. அமெரிக்காவில் மான் வேட்டையாடுவோர் மரத்தில் தாமாகவே ஏறிச் செல்லும் ஒருவகைப் பரணைப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு வேட்டைப் பரண் பழங்கதையாகிவிட்டது. அங்கே அது இன்றும் நடைமுறையில் உள்ள கருவி. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு பட்டையாலோ கம்பி வடத்தாலோ மரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கீழ்ச் சட்டத்தில் நின்றுகொண்டு மேல் சட்டத்தை உயர்த்த வேண்டும். பிறகு மேல் சட்டத்தில் அமர்ந்துகொண்டு கீழ்ச் சட்டத்தைக் கால்களால் இழுத்துக்கொள்ள வேண்டும். கம்பளிப்புழு நகர்வதைப் போல மனிதர் மரத்தில் நகர்கிறார்.

சிக்கல் மரத்தடிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காட்டுக்குள் நடக்கும்போது அந்தப் பரணே மடக்கப்பட்டு முதுகுச் சுமையாக இருக்கிறது. முதுகு நிறைந்துவிட்டால் மற்ற பொருள்களுக்கான பை எங்கே போகும்? சிலர் பரணோடு சேர்த்து வாரிட்டுக் கட்டக்கூடிய பையைத் தேர்கிறார்கள். சிலர் இடுப்புப் பையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏறும்போது முதுகில் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. துப்பாக்கியோ வில்லோ பையோ எல்லாம் கீழேயே இருக்கும். மேலே சென்று, பாதுகாப்பு வாரில் உடம்பைப் பிணைத்துக்கொண்ட பிறகே அவற்றைக் கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும். விலங்குகளைவிட, மரத்திலிருந்து விழுவதே அவர்களுக்குப் பெரிய ஆபத்து.

இதிலிருந்து மூன்று கேள்விகள் பிறக்கின்றன. ஏறும்போதோ இறங்கும்போதோ பை உடம்பின் எந்த இடத்தில் இருக்கிறது? வேலை நடக்கும் இடத்தில் ஒற்றைக் கைக்கு அது எட்டுமா? வேலை முடிந்து நிறைந்த பையை யார் சுமப்பது? ஏறும் கருவியைத் தேர்ந்த பிறகு பையைத் தேர்வது என்ற வரிசையே பிழையானது என்பதை இக்கேள்விகள் காட்டுகின்றன. ஒன்று மற்றொன்றைத் தீர்மானிக்கிறது. கீழவைப்பார்க் கரையின் இரு தொழிலாளிகளும் இந்தப் பாடத்தை எவரிடமும் கேட்காமலே அறிந்திருந்தார்கள்.

கடலுக்குள் இறங்கிய பை

முதலில் கடல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். பிடிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. குளிப்போர் நான்கு முதல் பன்னிரண்டு பாகம் ஆழம்வரை இறங்கினர் என்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் ரமூசியோ வெளியிட்ட பாடத்தில், சிப்பிகளை உடம்பில் கட்டிய வலைப்பைகளில் மேலே கொண்டுவந்தனர் என்ற குறிப்பும் காணப்படுகிறது.

உடம்பில் கட்டிய பை என்றால், சேர்த்த சுமை அத்தனையும் மேலெழும் மனிதரோடு சேர்ந்தே மேலெழ வேண்டும். மூச்சு முடியும் தறுவாயில் இருப்பவருக்கு அது எத்தகைய பாரம் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய இராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, மன்னார்க் கரையின் குளிப்பை நுணுக்கமாக விவரித்தார். குளிப்பவர் வலது காலின் விரல்களால் கல் கட்டிய கயிற்றைப் பற்றுகிறார். இடது காலின் விரல்களால் வலைப்பையைப் பற்றுகிறார். வலக்கையில் இன்னொரு கயிறு. இடக்கையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். கல்லின் எடை அவரை அடித்தளத்துக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே சேர்ந்ததும் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிப்பிகளைச் சேர்க்கிறார். பிறகு கயிற்றை அசைத்துச் சைகை காட்ட, மேலே இருப்பவர்கள் இழுக்கிறார்கள்.

இந்த விவரிப்பில் பை இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். இறங்கும்போது கால்விரலில், வேலையின்போது கழுத்தில். இரு கைகளில் ஒன்று கயிற்றுக்கும் ஒன்று மூக்குக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டதால் பைக்குக் கால்விரல் கிடைத்தது. தரையைத் தொட்டதும் கைகள் இரண்டும் சிப்பிக்குத் தேவைப்பட்டதால் பை கழுத்துக்கு ஏறியது. ஒரு நிமிடச் சொச்சத்துக்குள் நடந்து முடியும் காரியத்தில் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

பிற்காலக் குளிப்புகளில் பைக்கென்றே தனிக் கயிறு அமைந்தது. கல் ஒரு கயிற்றில், பை ஒரு கயிற்றில். குளிப்பவர் தரையைச் சேர்ந்ததும் கல் மேலே இழுக்கப்பட்டுவிடும். மூச்சு முட்டும்போது அவர் வெற்றுடம்போடு மேலே வந்துவிடுவார். நிறைந்த பை தனியே வரும். அமெரிக்க வேட்டைக்காரர் மேலே போன பிறகு தம் பையை இழுத்துக்கொள்வதும் இதுவும் ஒரே தீர்வுதான். உயிர் முதலில், சுமை பிறகு. இத்தீர்வுக்கு ஒரு விலை உண்டு: தோணியில் கயிறு பிடிக்க நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். குளிப்பவரும் கயிறு பிடிப்பவரும் இணையாகவே தொழில் செய்தார்கள். மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று இக்கரையில் சொல்லப்படும் பேச்சு, தங்கை விதவையாவதை எவன் விரும்புவான் என்ற எளிய தர்க்கத்தின்மேல் நிற்கிறது.

அந்தப் பை தொழிலாளியின் கூலியையும் அளந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் குளிப்புகளில் சிப்பியின் மூன்றில் ஒரு பங்கே குளிப்போரின் ஊதியம். பணமாக அன்று, சிப்பியாக. எனவே ஒவ்வொரு மூழ்கலிலும் பை எவ்வளவு நிறைந்தது என்பதே அன்றைய வாழ்வு.

தூத்துக்குடிக் கடலில் 1955இல் தொடங்கிய முத்துக்குளிப்பு வரிசை 1961ஆம் ஆண்டோடு முடிந்தது. அதன் பின் பெருங்குளிப்பு நடைபெறவில்லை. சங்கு குளிப்பு தொடர்ந்தது. அதில் கல் இல்லை. கயிறு பிடிப்பவர் இல்லை. முகக்கண்ணாடியும் காலில் கட்டிய தகடும் உண்டு. வலைப்பை மறுபடியும் இடுப்புக்கு வந்துவிட்டது. துணையாள் மறைந்தால் பை உடம்புக்குத் திரும்பும். இதை இந்தக் கடலின் கருவி வரலாறு தரும் ஒரு விதி என்றே கொள்ளலாம்.

பனைக்கு ஏறிய பெட்டி

இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு கரைக்கு வருவோம். வைப்பாறு, வேம்பாறு, விளாத்திகுளம் வட்டாரம் முழுவதும் பனைநாடு. வேம்பாற்றுக் கருப்பட்டிக்குத் தனிப்பெயரே உண்டு.

பனையேறியிடம் ஏறுவதற்கென்று இருக்கும் கருவிகள் மிகச் சில. கால்கள் இரண்டையும் பிணைக்கும் ஒரு நார்வளையம். குமரிப் பக்கம் திளாப்பு என்பார்கள், யாழ்ப்பாணத்தில் தளைநார் என்பார்கள். அடிமரத்தின் பருத்த பகுதியைக் கடக்க மரத்தில் சாய்த்து மிதித்து ஏறும் மிருக்குத்தடி. இவை போக எஞ்சியது கையும் மார்பும் பாதமும்தான். ஆண்டுக்கணக்கில் மரத்தை அணைத்தவர்களின் நெஞ்சிலும் முன்கையிலும் காய்த்துப்போன தோல் அதற்குச் சாட்சி.

ஏறும் கருவி இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் தொழிலின் கணக்கு. பதநீர் இறக்கும் பருவத்தில் பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். ஒருநாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று குறைந்துவிடும். ஆகவே ஒரு பனையேறி தம் பொறுப்பிலுள்ள மரங்கள் அனைத்திலும் காலையும் மாலையும் ஏற வேண்டும். நாற்பது மரங்கள் என்றும், மரத்துக்கு 12 மீட்டர் உயரம் என்றும் கொள்வோம். இருவேளைக்கு 960 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறி, அதே தூரம் இறங்க வேண்டும். உடம்பில் கட்டியிருக்கும் ஒவ்வொரு அரைக் கிலோவும் அந்த நாளில் எண்பது முறை மேலே போகிறது.

முத்துக் குளிப்பவருக்குக் கிடைத்த தீர்வு இவருக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் கயிறு பிடிக்க ஓர் ஆளை நிறுத்தினால் கருப்பட்டியில் கிடைக்கும் வருமானம் கயிறு பிடித்தவருக்கே போதாது. தாமே கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்க எண்பது ஏற்றங்களுக்கு நடுவே நேரமும் இல்லை. எனவே பை உடம்போடுதான் வர வேண்டும். அந்தப் பைதான் அரிவாள்பெட்டி. பேச்சு வழக்கில் அருவாப்பெட்டி.

அதற்குள்ளும் அதனோடும் இருப்பவற்றைப் பார்ப்போம். முதலாவது, பாளை அரிவாள். முகம் மழிக்கும் கத்திக்கு நிகரான கூர்மை அதற்கு வேண்டும். தடித்துச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும், மழுங்கிய வாயால் சீவினால் ஊற்று அடைபடும். இரண்டாவது, கடிப்பு. பாளையை இடுக்கி நசுக்கிப் பதப்படுத்தும் மரக்கிட்டி இது. ஆண்பனைப் பாளைக்கும் பெண்பனைப் பாளைக்கும் கடிப்பு வேறு. மூன்றாவது, சுண்ணாம்பு. நான்காவது, கலயத்தைப் பாளையோடு கட்டும் நார். இவற்றோடு, மரத்திலுள்ள கலயங்களின் பதநீரைச் சேர்த்து இறக்கும் ஒரு குடுவை.

இனி முன்சொன்ன மூன்று கேள்விகளை இந்தப் பெட்டியிடம் கேட்கலாம்.

உடம்பில் எங்கே? முன்பக்கம் இருக்க முடியாது. அங்கே மரம் இருக்கிறது. நெஞ்சு மரத்தோடு ஒட்டியே மேலே போகிறது. நடுமுதுகிலும் இருக்க முடியாது; கை எட்டாது, எடை தோளைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே இடுப்பின் பின்புறமாகக் கயிற்றில் தொங்குகிறது. உடம்பின் எடைமையத்துக்கு அருகில் அமைவதால் அது மனிதரைச் சாய்ப்பதில்லை.

ஒற்றைக் கைக்கு எட்டுமா? உச்சியில் மட்டைகளுக்கு நடுவே ஒரு கை பிடிமானத்துக்குப் போய்விடும். மறுகை கண்ணின் துணையின்றிப் பின்னால் சென்று அரிவாளின் பிடியைத் தொட வேண்டும், வாயைத் தொடக் கூடாது. ஆகவே பெட்டி விறைப்பாக, வாய் திறந்தபடி, அரிவாளின் வாய் உள்ளேயும் பிடி மேலேயும் நிற்கும் வகையில் இருக்கிறது. துணிப்பையால் இது இயலாது. அது மடங்கும், அரிவாள் துணியைக் கிழித்துத் தொடையைத் தேடும். பெட்டி என்ற சொல்லை மக்கள் தேர்ந்ததில் காரணம் இருக்கிறது.

நிறைந்ததை யார் சுமப்பது? ஏறும்போது குடுவை வெறுமையாக இருக்கும், இறங்கும்போதுதான் எடை. ஒரு லிட்டர் பதநீர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். எனவே வெற்றுக் குடுவை எவ்வளவு இலேசாக இருக்குமோ அவ்வளவு நல்லது. பழைய நாளில் பயன்பட்ட சுரைக்குடுவையின் அறிவு இதுதான்: காய்ந்த சுரைக்காய் மண்பானையைவிட இலேசானது, மரத்தில் மோதினால் பானையளவு எளிதில் உடையாது. பிற்காலத்தில் நெகிழிக் கேன் அந்த இடத்தைப் பிடித்தது.

பார்த்தவரும் பார்க்காததும்

1841ஆம் ஆண்டு இடையன்குடிக்கு வந்த இராபர்ட் கால்டுவெல்லைத் தமிழுலகம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக அறியும். 1849இல் அவர் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற சிறுநூலை அறிந்தவர் குறைவு. பனையேறும் மக்களின் நடுவே வாழ்ந்தவர் அவர். கால்களைப் பிணைத்துக்கொண்டு அவர்கள் மரமேறுவதைக் கண்ணால் கண்டு எழுதியவர். ஆனால் அதே நூலில் அம்மக்களின் அறிவுத்திறனைத் தாழ்த்தியும் எழுதினார். பின்னாளில், 1880களில், கல்வி பெற்ற நாடார்கள் அந்நூலைக் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பின் வலுவால் நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

கால்டுவெல்லின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. ஒரு மொழிக்குடும்பத்தையே தம் அறிவால் வரிசைப்படுத்தியவர் அவர். ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கே சுட்டாமல் இருக்க முடியவில்லை. உடம்பின் திறன் கண்ணுக்குத் தெரியும். மரத்தில் ஏறும் மனிதரைப் பார்ப்பவர் தசையைப் பார்க்கிறார், துணிவைப் பார்க்கிறார்; ஏறிவிட்டார் என்பதோடு வியப்பு முடிந்துவிடுகிறது. அவர் இடுப்பில் தொங்கும் பெட்டி எந்த மரத்துக்கு எந்தக் கடிப்பு, எந்தப் பாளைக்கு எவ்வளவு சீவல், எந்தக் கலயத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்ற முடிவுகளின் தொகுப்பு. அதைத் திறந்து பார்த்தவருக்கு மந்தபுத்தி என்ற சொல் எழுதவே வராது. ஏற்றத்தை உடம்பின் கணக்கிலும் பெட்டியை வெறும் சாமான் கணக்கிலும் எழுதியதால் நேர்ந்த பிழை இது.

சுண்ணாம்பு என்ற சாட்சி

பெட்டியில் உள்ள பொருள்களில் ஒன்றுக்குச் சட்ட வரலாறும் உண்டு. கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு பாளைநீரைப் புளிக்க விடாமல் தடுக்கிறது. நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அந்தக் காரத்தில் பெருகுவதில்லை. சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள்.

1937இல் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பின்னர் அது விரிந்தும் தளர்ந்தும் பல மாற்றங்களைக் கண்டது. 1987இல் தமிழ்நாட்டில் கள் மீண்டும் தடை செய்யப்பட்டது, அத்தடை நீடிக்கிறது. அதன் சரி தவறுகள் இங்கே பேசுபொருள் அல்ல. ஆனால் அதன் விளைவாகப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பு வெறும் பதப்பொருள் என்ற நிலையிலிருந்து ஒரு சாட்சியாக உயர்ந்தது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே அரிவாள். தொழிலாளியைக் குற்றவாளியிலிருந்து பிரிப்பது விரலளவு வெள்ளைப் பூச்சு. பையில் எதை வைப்பது என்ற முடிவு இதற்குமேல் கனமாக முடியாது.

இயந்திரம் வந்தபோது

தென்னை ஏற ஆள் கிடைக்காத காலம் கேரளத்தில் முதலில் வந்தது. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் என்ற உழவர், முறையான பொறியியல் படிப்பு ஏதுமின்றி ஒரு தென்னையேறும் கருவியை உருவாக்கினார். இரண்டு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றும் கம்பி வடம், கால் வைக்க இடம், கையால் தூக்கப் பிடி. வலமும் இடமுமாக மாறி மாறி உயர்த்தினால் ஏறலாம். அமெரிக்க வேட்டைக்காரரின் பரணும் இதுவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபோது இத்தகைய கருவிகளே அதற்கு அடிப்படையாயின. பெண்களும் தென்னை ஏறக் கற்றார்கள். இது சிறிய சாதனை அன்று.

தென்னையில் வெற்றி பெற்றதைப் பனைக்குக் கொண்டுவரலாமே என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. பனையேறும் கருவிகள் பல உருவாக்கப்பட்டன, பல்கலைக்கழகங்கள் முயன்றன, சிறந்த கருவிக்குத் தமிழ்நாடு அரசு பரிசும் அறிவித்தது. ஆயினும் பனங்காட்டில் அவை வேரூன்றவில்லை. பனையேறிகள் பழைமையைப் பிடித்துக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

காய் பறிக்கத் தென்னையில் ஏறுவது ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. பதநீருக்குப் பனையில் ஏறுவது நாளுக்கு இருமுறை. கருவியை ஒரு மரத்தில் பூட்டவும் கழற்றவும் சேர்த்து இரண்டு நிமிடம் மட்டுமே ஆகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாற்பது மரம், இருவேளை: 160 நிமிடம். ஏறாமலும் இறங்காமலும் இரண்டு மணி நாற்பது நிமிடம் அழிகிறது. மரத்துக்கு மரம் இரும்பைத் தூக்கி நடக்கும் சுமை தனி. தென்னையைப் போலப் பனை வழவழப்பாகவும் இருப்பதில்லை. அடியில் பருத்து, செதில் செதிலாக, பழைய மட்டையின் அடிகள் துருத்திக்கொண்டு நிற்கும். உயர உயர வளையத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போக வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு நல்ல பொறியாளர் காலப்போக்கில் தீர்த்துவிடலாம். தீராதது பெட்டி. கருவியில் இரு கைகளும் சட்டங்களைத் தூக்குவதற்குப் போய்விடுகின்றன; இருக்கை வைத்த வகைகளில் இடுப்பின் பின்புறம் இருக்கைக்குப் போய்விடுகிறது. அரிவாள்பெட்டி தொங்கிய இடம் அதுதான். பாளையும் மரத்தின் பக்கவாட்டில் காத்திருப்பதில்லை. மட்டைகளுக்கு மேலும் நடுவிலுமாக இருக்கிறது. மட்டையடிக்குக் கீழே கருவி நின்றுவிட்ட பிறகு, மனிதர் அதை விட்டு வெளியேறி மேலே தாவ வேண்டும். விழும் ஆபத்து மிகுந்த அந்த இடைவெளியில் கருவி உதவுவதில்லை. அரிவாளும் கடிப்பும் நிறைந்த குடுவையும் கூடவே வந்தாக வேண்டும். மனிதரை மேலே ஏற்றுவது எப்படி என்று கேட்டவர்கள், அவரோடு அவருடைய தொழிலையும் மேலே ஏற்றுவது எப்படி என்று கேட்கவில்லை. கால்டுவெல் கண்ட அதே ஏற்றத்தையே நாமும் கண்டோம். அவர் காணாத அதே பெட்டியையே நாமும் காணாமல் விட்டோம்.

இழப்பதும் இருப்பதும்

இதைக் கருவி ஆராய்ச்சியாளர்களின் சிறு கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. பனையிலிருந்து விழுந்து இறந்தவர்கள், முதுகெலும்பு முறிந்து கட்டிலோடு முடிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர். தம் பிள்ளை இத்தொழிலுக்கு வரக் கூடாது என்று நினைத்த தகப்பன்மாரை யார் குறை சொல்ல முடியும்? பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என அறிவித்தது. மரத்துக்குக் காவல் கிடைத்தது நல்லதே. ஏறுபவர் இல்லாத பனை பதநீரைத் தருவதில்லை; ஏறுபவரைக் காப்பது மரத்தைக் காப்பதைவிடக் கடினமான வேலை.

அந்த வேலையை மரத்தடியிலிருந்து தொடங்காமல் இடுப்பிலிருந்து தொடங்கினால் என்ன என்பதே என் எளிய கேள்வி. இலேசான பாதுகாப்பு வார் ஒன்று, அரிவாள்பெட்டி தொங்கும் இடத்தை விட்டுவிட்டு, திளாப்புக்கு இடையூறு செய்யாமல், பத்து நொடியில் மரத்தைச் சுற்றிக்கொள்ளும்படி அமையுமானால் எண்பது ஏற்றங்களுக்கும் அது கூடவே வரும். பெட்டியைக் கழற்றச் சொல்லும் எந்தப் பாதுகாப்பும் முதல் நாளே மரத்தடியில் கழற்றி வைக்கப்படும்.

கடலில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கழுத்தில் தொங்கிய வலைப்பைக்குத் தனிக் கயிறு கொடுத்த பெயரறியாத மனிதர், குளிப்பவரை ஆழத்துக்கு அனுப்பும் புதிய வழி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கல்லும் கயிறும் முன்பே இருந்தன. அவர் செய்தது பையை இடம் மாற்றியது மட்டுமே. அதனால் எத்தனை பேர் மூச்சு முடியும் முன் மேலே வந்து சேர்ந்தார்கள் என்பதற்குக் கணக்கு எழுதியவர் இல்லை.

கீழவைப்பாரில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால், உப்பளத்துக்கு அப்பால் பனைகள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றுள் பலவற்றின் காய்ந்த மட்டைகள் வெட்டப்படாமல் கீழ்நோக்கித் தொங்குகின்றன. ஏறுபவர் உள்ள பனையில் அப்படித் தொங்குவதில்லை, அவர் கழித்துவிட்டிருப்பார். தூரத்திலிருந்து பார்க்கும்போதே எந்த மரத்துக்கு ஆள் இருக்கிறார், எந்த மரத்துக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். அடுத்த முறை அவ்வழியே செல்லும் நண்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஆள் உள்ள மரத்தின் அடியில் சற்று நின்றால் இறங்கி வருபவரின் இடுப்பில் ஒரு பெட்டி இருக்கும். அவர் அனுமதித்தால் அதற்குள் என்னென்ன இருக்கிறதென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.